கையால பட்டு நூக்கப் பழகுறது: என்னட்ட திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

பின்னேரத்தில மட்டக்களப்புக்குக் கிட்ட ஆரையம்பதியில எங்கட விறாந்தையில இருந்து கதிர், அதாவது நூல் முறுக்குற குச்சிய, கிறுக்கிக்கிட்டிருந்தா ரோட்டால போற ஆக்கள் நிண்டு கேப்பாங்க, கலியாண வீட்டில கேப்பாங்க, மருதமுனையில நெசவுத்தறி வச்சிருக்கிற ஒரு ராத்தாட (முஸ்லிம் அக்கா) வீட்டில சந்திச்ச புள்ளைகள் ராவு பத்து மணிக்கு ஃபோன் எடுத்துக் கேக்குதுகள். எல்லாருக்கும் ஒரே பதிலத்தான் சொல்லுறன், அதால ஒரேயடியா எழுதி வச்சிட்டன். நான் டீச்சர் இல்ல, நாலு வருசமா பழகுற ஆள், இதில பாதி நான் பிழையாச் செஞ்சி படிச்சது.

பட்டுப் பூச்சிதானே நூலக் கட்டுது, மறுகா நீங்க என்னத்த நூக்கிறீங்க?

இதுதான் முதலாவதாக் கேக்குற கேள்வி, நியாயமான கேள்வி. மல்பெரி இலை தின்னுற பட்டுப்புழு கிட்டத்தட்ட நாலு கிழமை விடாமத் தின்னும், நாலு தரம் தோல் உரிக்கும், மறுகா ரெண்டு மூணு நாளில தன்னச் சுத்தி ஒரு கூடு கட்டும். அந்தக் கூடு முழுக்க ஒரே ஒரு இழை, 600 மீற்றரில இருந்து 900 மீற்றர் வரைக்கும், சில நல்ல சாதியில அதுக்கும் மேல போகும். கூட்ட சுடுதண்ணியில போட்டு அந்த இழையிட நுனியப் பிடிச்சி, பத்துப் பன்னிரண்டு கூட்டு இழைய ஒண்டாச் சேத்துச் சுத்தி எடுத்தா அதுதான் காஞ்சிபுரம் சேலையில வாற மாதிரியான பளபள நூல். அதில நூக்கிற வேலையே இல்ல, சுத்தி எடுக்கிற வேலைதான்.

ஆனா எல்லாக் கூட்டிலயும் இழைய அப்பிடி எடுக்க ஒண்ணா. பூச்சி ஓட்டை போட்டு வெளிய வந்த கூடு, ரெண்டு புழு சேந்து கட்டின கூடு, கறை பட்ட கூடு, சுத்தி எடுக்கக்குள்ள மிஞ்சுற வெளிப்பஞ்சு, இதெல்லாம் துண்டு துண்டு நாராத்தான் வரும். அந்தத் துண்டு நாரச் சீவி, பருத்தி மாதிரி முறுக்கி நூலாக்குறததான் நான் செய்யிறன். சுத்தி எடுத்த நூலிட கண்ணாடிப் பளபளப்பு இதில வராது. அதுக்குப் பதிலா ஒரு மெல்லிசான மினுக்கம், முத்துச்சிப்பிட உள்பக்கம் மாதிரி. எனக்கு இதுதான் வடிவு.

பூச்சியக் கொல்லாமப் பட்டு கிடைக்குமா? நாங்க சைவம்.

கிடைக்கும். சுத்தி எடுக்கிற பட்டுக்குப் பூச்சி வெளிய வர முதல் கூட்ட ஆவியிலயோ சூட்டிலயோ வைக்கிறாங்க, ஏனெண்டா அது வெளிய வந்தா இழை அறுந்திடும். நாங்க நூக்கிறதுக்கு அந்தக் கட்டாயம் இல்ல, அறுந்த இழையும் எங்களுக்குச் சரி. அதோட அசாம் பக்கம் ஏரிப் பட்டு எண்டு ஒண்டு இருக்கு, அந்தப் புழு ஆமணக்கு இலை தின்னும், அது கட்டுற கூட்டில ஒரு பக்கம் திறந்தபடிதான் இருக்கும், பூச்சி தன்ட பாட்டில வெளிய வரலாம். அந்தக் கூட்டில நீள இழையே இல்லாததால அதக் கையாலயோ மெசினாலயோ நூத்துத்தான் ஆகணும். ஆனா ஏரிப் பட்டெண்டு பேர் போட்டதால மட்டும் பூச்சி உயிரோட போயிருக்கும் எண்டு நம்பிடாதீங்க, அந்தப் பக்கம் அந்தப் புழுவச் சமைச்சித் தின்னுற ஆக்களும் இருக்காங்க. மனசு கேக்காட்டி பூச்சி போன கூடுதானா எண்டு விக்கிற ஆளிட்டக் கேட்டு வாங்குங்க.

இஞ்ச எங்க வாங்குறது?

மட்டக்களப்பு டவுணில தேடி அலையாதீங்க, நான் அலைஞ்சிட்டன். தையல் சாமான் கடையில பட்டு எண்டு கேட்டா எம்பிரோய்டரி நூலத்தான் எடுத்துக் காட்டுவாங்க. என்ட நார் எல்லாம் இந்தியாவுக்குப் போற ஆக்களிட்ட சொல்லி விட்டு வந்தது. பெங்களூருக்குக் கிட்ட ராமநகரம் எண்ட ஊரில பட்டுக்கூட்டுக்கெண்டே பெரிய சந்தை இருக்கு, அந்தப் பக்கம் சொந்தக்காரர் படிக்கப் போயிருந்தா உங்களுக்கு அதிஸ்டம். 100 கிராம் எண்டா ஒரு தலகாணி உறையில பாதி நிறையும், பாரமே இல்ல, பேக்கில ஒரு மூலையில வைக்கலாம்.

ஒண்டு மட்டும் கவனம். நான் முதல்முதலா ஒன்லைனில ஒரு இடத்தில மல்பெரி சில்க் எண்டு போட்டிருந்தத நம்பி வாங்கின பாக்கெட் பட்டே இல்ல. வெள்ளையா, வழுவழுப்பா, பாக்கிறதுக்குப் பட்ட விட வடிவா இருந்திச்சி. ரெண்டு கிழமை அதோட மல்லுக்கட்டின பொறகுதான் ஒரு துண்டப் பத்த வச்சிப் பாத்தன், கடதாசி எரியிற மணம். மரக்கூழில செய்யிற விஸ்கோஸ். அசல் பட்டெண்டா தலமயிர் கருகுற மணம் வரும், நெருப்ப எடுத்தா தானா அணையும், மிஞ்சுற கரிய விரலால நசுக்கினா பொடியாகும். பனானா சில்க், பாம்பூ சில்க், ஆர்ட் சில்க் எண்டு முன்னுக்கு ஒரு பேரு ஒட்டியிருந்தா அது பூச்சிக்குச் சொந்தமில்ல எண்டு வச்சிக்கங்க. எது வாங்கினாலும் முதல் ஒரு நுள்ளு எடுத்து எரிச்சிப் பாருங்க, வேற சோதனை தேவையில்ல.

எங்கட வளவில இலவமரம் நிக்குது, அந்தப் பஞ்ச நூக்க ஏலாதா? அதுவும் பட்டு மாதிரித்தானே இருக்கு.

ஏலாது. நானும் செஞ்சி பாத்தன். இலவம் பஞ்சு நார் குட்டையானது, உள்ளுக்குக் கோறை, மேல மெழுகு பூசின மாதிரி, ஒண்ட ஒண்டு பிடிக்காது. தலகாணிக்கு அத விட்டா வேற இல்ல, நூலுக்கு வேணாம்.

என்ன சாமான் வேணும்? ராட்டை வாங்கணுமா?

ராட்டை இப்ப வேணாம். கதிர் ஒண்டு, அது நிக்க ஒரு சிரட்டை, நார் பத்துக் கிராம், இவ்வளவுதான். காந்தி காலத்துப் பள்ளிக்கூடங்களில புள்ளைகள் வச்சிருந்த தக்ளி எண்டு படத்தில பாத்திருப்பீங்க, ஒரு கம்பியும் அடியில ஒரு சின்ன உலோக வட்டும். அது பருத்திக்கு வந்தது, ஆனா மெல்லிசான பட்டுக்கும் நல்லா ஒத்துவரும், ஏனெண்டா கதிர் நூலில தொங்காம நிலத்தில நிக்குது, நூலில பாரம் இழுக்காது.

நீங்களே செய்யிறதெண்டா 25 சென்ரிமீற்றர் நீளத்தில பென்சில விட மெல்லிசான மூங்கில் குச்சி ஒண்டு எடுத்து, ரெண்டு நுனியையும் சீவி, மண்கடதாசியால நல்லாத் தேய்ங்க. சிரட்டையில அஞ்சு சென்ரிமீற்றர் வட்டம் ஒண்டு வெட்டி நடுவில ஓட்டை போட்டு கீழ்ப்பக்கமா இறுக்குங்க. ஓட்டை நடு மையத்தில இல்லாட்டி கதிர் குடிச்சவன் மாதிரி ஆடும், அப்ப ஒரு பக்கத்தக் கொஞ்சம் கொஞ்சமாத் தேய்ச்சித் தேய்ச்சிச் சரிபண்ணலாம். மொத்தப் பாரம் 15 கிராமில இருந்து 25 கிராம் வரைக்கும் இருந்தாக் காணும். பழைய சீடிய வட்டாப் போட்டும் செய்யலாம், ஒரு சீடி 15 கிராம் அளவில இருக்கும், ஆனா அது அகலமானதால மெதுவாச் சுத்தும், பட்டுக்கு வேகம் வேணும். மத்தச் சிரட்டைய உள்ளுக்குச் சுரண்டி வழுவழுப்பாக்கி மடியில வச்சா அதுதான் கதிருட மேடை.

சரி, எப்பிடி நூக்கிறது? ஆரம்பத்தில இருந்து சொல்லுங்க.

முதல் நார் எந்த மாதிரி வந்திருக்கெண்டு பாருங்க. சீவி நீளப் பட்டையா வாறது ஒண்டு, பாக்கிறதுக்கு வெள்ளைக்காரப் பொம்புளைட பின்னல் மாதிரி. மத்தது ஹாங்கி எண்டு விக்கிறது, அவிச்ச கூட்ட ஒரு சதுரச் சட்டத்தில இழுத்து விரிச்சி ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கினது, கைலேஞ்சி மாதிரியே இருக்கும். பழகுற ஆளுக்கு நான் ஹாங்கியத்தான் சொல்லுவன். கன ஆக்கள் பட்டைதான் லேசு எண்டுவாங்க, எனக்கு அதில உடன்பாடில்ல, பட்டை கைய விட்டு வழுக்கி ஓடும், ஹாங்கி ஓடாது.

அடுக்கில இருந்து ஒரே ஒரு தாள உரிச்சி எடுங்க, சிலந்தி வலை மாதிரி இருக்கும், ரெண்டு மூணு சேந்து வந்தாலும் பிரிச்சி ஒண்டாக்குங்க. நடுவில ரெண்டு பெருவிரலையும் குத்தி ஓட்டை போட்டு, பிட்டுக்குழலுக்குத் துணி கட்டுற அளவு வளையமா இழுத்து, மறுகா இன்னும் பெரிசா இழுங்க. இழுக்கக்குள்ள கை ரெண்டும் ஒரு சாண் தூரத்தில இருக்கணும். கிட்டப் பிடிச்சா அசையவே அசையாது, ஏனெண்டா ஒரே நாரிட ரெண்டு நுனியையும் நீங்களே பிடிச்சிக்கிட்டு நீங்களே இழுக்கிறீங்க. தூரப் பிடிச்சாத்தான் நார் ஒண்ட ஒண்டு தாண்டி வழுக்கும். வளையம் கதவகலம் வந்ததும் ஒரு இடத்தில பிச்சி விடுங்க, பென்சில் மொத்தத்தில நீளமா ஒரு கயிறு கிடைக்கும். அத ஒரு கூடைக்குள்ள சுருட்டி வைங்க.

இப்ப கதிரில ஒரு முழம் பருத்தி நூல் கட்டி, அத நுனி மட்டும் சுத்திக் கொண்டு வந்து, நுனிக்கு மேல ஒரு சாண் வெளிய விடுங்க. அந்த நுனிய நாரோட சேத்துப் பிடிச்சி, வலக்கைப் பெருவிரலாலயும் ஆட்காட்டி விரலாலயும் கதிர வலப்பக்கமாச் சுண்டி விடுங்க, கோலிக்குண்டு சுண்டுற மாதிரி இல்ல, பம்பரத்தக் கையால கிறுக்குற மாதிரி. நூலக் கதிருக்குச் சரிவாப் பிடிச்சா ஒவ்வொரு சுத்துக்கும் நூல் நுனியால டக் டக்கெண்டு வழுக்கும், ஒவ்வொரு வழுக்கலுக்கும் ஒரு முறுக்கு ஏறும். முறுக்கு நாருக்குள்ள போறத விரலிலயே உணரலாம். முறுக்கு ஏறின இடம் நூல், ஏறாத இடம் நார், நீங்க செய்யிறது அந்த எல்லைய மெதுவாப் பின்னுக்கு நகத்துறது மட்டும்தான். ஒரு கை நீளம் சேந்ததும் நூலக் கதிருக்குக் குறுக்கா, அதாவது 90 பாகையில பிடிச்சிக் கிறுக்கினா அது கதிரில சுத்திக்கும். திரும்ப நுனிக்கு ஏத்தி, திரும்பச் சுண்டி.

முதல் நாளே எல்லாத்தையும் ஒண்டாச் செய்ய நிக்காதீங்க. ஒரு கையால கதிரச் சுண்டி, நிப்பாட்டி, முழங்காலுக்கிடையில கதிர இடுக்கிக்கிட்டு, ரெண்டு கையாலயும் நார இழுத்து, மறுகா சுண்டுங்க. வெக்கப்பட ஒண்டும் இல்ல. நான் ரெண்டு மாசம் அப்பிடித்தான் செஞ்சன்.

நூல் அறுந்து அறுந்து போகுது. இல்லாட்டி புழு மாதிரிக் கட்டி கட்டியா விழுகுது. என்ன பிழை?

அறுகிறதெண்டா முறுக்குக் காணாது. பட்டு நார் மயிர விடப் பல மடங்கு மெல்லிசு, ஆட்டுரோமத்தில இருக்கிற மாதிரி செதிலும் சுருளும் இல்ல, அதால தானாப் பிடிச்சிக்காது, முறுக்கு ஒண்டுதான் அதக் கட்டி வைக்குது. நினைக்கிறத விடக் கூட முறுக்கணும். சோதிக்கிறது லேசு, நூத்த நூலில ஒரு சாண் எடுத்து ரெண்டு கையாலயும் மெதுவா இழுங்க, சவ்வு மாதிரி நீண்டு பிரிஞ்சா இன்னும் சுண்டணும், டப்பெண்டு இழுபட்டு நிண்டாச் சரி.

கட்டி விழுகிறதெண்டா முறுக்கு நாருக்குள்ள ஓடிப் போயிட்டுது, நீங்க அதுக்குப் பொறகு இழுக்கிறீங்க. அந்த இடத்த ரெண்டு பக்கமும் பிடிச்சி எதிர்ப்பக்கமாக் கொஞ்சம் முறுக்கத் தளத்தி இழுத்தாக் கட்டி மெலிஞ்சிடும்.

ரெண்டுக்கும் அடியில ஒரு பிழைதான் இருக்கு, இறுக்கிப் பிடிக்கிறது. நாங்க வழுக்குற சாமானக் கண்டா இறுக்குவம், மீனப் பிடிச்சிப் பழகின கை. என்ட கையில எப்பவும் வேர்வை, நாருல பள்ளம் விழுந்திருக்கும். மருதமுனை ராத்தாட வீட்டில ஒரு நாள் இருந்து நூக்கக்குள்ள அவ தறிய நிப்பாட்டிட்டு வந்து பாத்தா, பட்டு நூத்ததே இல்ல அவ, ஆனா நாப்பது வருசமா நூலோட இருக்கிற ஆள். “அத ஏன் மகள், கழுத்தப் புடிக்கிற மாதிரிப் புடிக்காய், ஓடுற மாதிரி இருந்தாத்தானே ஓடும்” எண்டா. விரல விட்டன், நார் ஓடிச்சி. இப்ப நான் ஒரு கோழிக்குஞ்சப் பிடிக்கிற அளவுதான் பிடிக்கிறன்.

எனக்குக் கை சரியான சொரசொரப்பு, வயல் வேலை. நார் எல்லாம் கையில ஒட்டுது.

பட்டு கையில இருக்கிற சின்ன வெடிப்பையும் காட்டிக் குடுக்கும். ஒரு கரண்டி சீனி, ஒரு கரண்டி தேங்காயெண்ணெய், கையில போட்டு ரெண்டு நிமிசம் நல்லாத் தேய்ச்சிட்டு சவுக்காரம் போட்டுக் கழுவுங்க, எண்ணெய் மிஞ்சக் கூடாது, மிஞ்சினா நாருல கறை பிடிக்கும். நகத்தையும் அரத்தால தேய்ங்க.

எந்தக் காலம் நல்லம்? மாரியில நூக்கலாமா?

பட்டுக்கு ஈரக்காத்துப் பிடிக்கும், அதால எங்கட ஊர் கடவுள் குடுத்த ஊர். ஆடி ஆவணியில கச்சான் காத்து வறட்டியா அடிக்கக்குள்ளதான் கரைச்சல், நார் மின்சாரம் பிடிச்ச மாதிரி எழும்பி முகத்தில, சட்டையில, அடுத்த ஆளிட தலையில எல்லாம் ஒட்டும். அப்ப ஈரத்துணி ஒண்டப் பக்கத்தில வச்சிக்கிட்டு விரல நனைச்சி நனைச்சி நூக்கணும். எந்தக் காலத்திலயும் ஃபேனுக்குக் கீழ இருக்காதீங்க. நான் ஒருக்கா 20 கிராம் நாரக் கூடையில வச்சிட்டுத் தேத்தண்ணி ஊத்தப் போனன், கரண்ட் வந்திட்டுது, ஃபேன் சுத்திட்டுது. மறுகா அந்தக் கதை வேணாம்.

மாரியில நூக்கலாம், வைக்கிறதுதான் பிரச்சினை. பட்டு தன்ட நிறையில கிட்டத்தட்ட மூண்டில ஒரு பங்கு ஈரத்த உறிஞ்சினாலும் தொட்டுப் பாத்தா நனைஞ்ச மாதிரித் தெரியாது, பொலித்தீனுக்குள்ள கட்டி வச்சா கார்த்திகை மார்கழியில பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் துணிப் பையில போட்டு, காத்துப் படுற இடத்தில, கரப்பானுக்கும் எலிக்கும் எட்டாத உயரத்தில தொங்க விடுங்க. வெயிலில காய வைக்காதீங்க, மஞ்சளாகும், இழையும் பலம் குறையும்.

நாராக் கிடைக்கல்ல, பட்டுக்கூடாத்தான் கிடைச்சிருக்கு. என்ன செய்யிறது?

கூட்டில நாரோட சேந்து பசை இருக்கு, நிறையில காவாசி அளவு வரும். அது போகாம நூத்தா வைக்கோல் மாதிரி இருக்கும். கூட்டத் திறந்து உள்ளுக்கு இருக்கிறதத் தட்டிப் போட்டிட்டு அவிக்கணும். 50 கிராம் கூட்டுக்கு ரெண்டு லீற்றர் தண்ணி, 10 கிராம் துருவின வெள்ளைச் சவுக்காரம், 4 கிராம் சலவைச் சோடா. கொதிக்க விடாதீங்க, கொதி வர முந்தின சூட்டில முக்கால் மணித்தியாலத்தில இருந்து ஒரு மணித்தியாலம். எவர்சில்வர் சட்டிதான், அலுமினியச் சட்டிய சோடா தின்னும். சமைக்கிற சட்டியா இருக்கவும் வேணாம். சலவைச் சோடா கிடைக்காட்டி அப்பச்சோடாவ வெறும் சட்டியில போட்டு நல்லாச் சூடாக்கி அரை மணித்தியாலம் கிண்டினா அது சலவைச் சோடாவா மாறும், கையால தொடாதீங்க.

மணம் வரும், சொல்லிட்டன். குசினியில செய்யாம வளவில மூணு கல்லு வச்சி அடுப்புக் கட்டுங்க.

எங்கட பக்கத்துக்கெண்டு ஒரு விசயம், வாவிக் கரைக் கிணத்துத் தண்ணி எடுக்காதீங்க. உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணியில சவுக்காரம் நுரைக்காமத் தயிர் மாதிரித் திரையும், அந்தத் திரை நாருல ஒட்டினா எத்தின தரம் அலசினாலும் பிசுபிசுப்புப் போகாது. என்ட முதல் கூடு அவிச்சது அப்பிடித்தான் நாசமாப் போச்சி, நாரப் பிழை சொல்லிக்கிட்டிருந்தன். இப்ப மாரியில பீலியால விழுகிற மழைத்தண்ணியப் பரலில பிடிச்சி வைக்கிறன். கடைசியா அலசுற தண்ணியில ஒரு கரண்டி வினாகிரி விட்டா சோடாட மிச்சம் போயிடும், நாரும் மினுங்கும்.

ஒத்தை இழையா வைக்கவா, ரெட்டையா முறுக்கவா?

பின்னுறதுக்கெண்டா ரெட்டை. ரெண்டு கதிரில நூத்தத ஒண்டாச் சேத்து, இந்த முறை இடப்பக்கமாக் கிறுக்குங்க. நூத்த பக்கத்துக்கே திரும்பக் கிறுக்கினா அது சுருண்டு கொழுக்கட்டையாகும், ரெட்டை இழை சமமா வராது. சரியா முறுக்கியிருந்தா ஒரு முழத்த மடிச்சித் தொங்க விடக்குள்ள அது தன்ட பாட்டில சும்மா தொங்கும். மறுகா கழியா, அதாவது பெரிய வளையமாச் சுத்தி நாலு இடத்தில தளர்வாக் கட்டி, இளஞ்சூட்டுத் தண்ணியில கால் மணித்தியாலம் ஊற விட்டு, துவாயில சுருட்டி ஈரம் எடுத்து, ரெண்டு கையிலயும் போட்டுப் படீர் படீரெண்டு உதறி நிழலில தொங்க விடுங்க. பிழியாதீங்க, நனைஞ்ச பட்டுக்குப் பலம் குறைவு.

சாயம்?

பட்டு சாயத்துக்குப் பசி உள்ள சாமான், லேசாப் பிடிக்கும். படிகாரம் நாரிட நிறையில பத்தில ஒரு பங்கு போட்டு ஊற வச்சிட்டு வெங்காயத் தோலில அவிச்சா நல்ல பொன்னிறம். மஞ்சள் முதல் நாள் கண்ணப் பறிக்கும், வெயிலில ஒரு கிழமையில ஓடிடும், கலியாணத்துக்கு எண்டு நம்பிப் போடாதீங்க. முந்தி யாழ்ப்பாணம் மன்னார்ப் பக்கம் சாயவேர் எண்டு ஒண்ட மண்ணில இருந்து கிண்டியெடுத்துச் சிவப்புச் சாயம் போட்டாங்க, ஒல்லாந்தர் அதத் தங்கட கையிலயே வச்சிருந்தாங்க, அவ்வளவு பெறுமதி. வெள்ளையாக்குற பிளீச் மட்டும் கிட்டவும் கொண்டு வராதீங்க, பட்டு அதில கரைஞ்சே போயிடும்.

அம்மாட பழைய கூறைச் சேலைய பிரிச்சி நூக்க ஏலுமா?

ஏலும், ஆனா நல்லா யோசிங்க. சரிகைய முழுக்க எடுத்திட்டு, துணிய நூல் நூலாப் பிரிச்சி, ஏழு எட்டுச் சென்ரிமீற்றர் துண்டா வெட்டி, புது நாரோட சேத்து நாய்க்கு மயிர் சீவுற கம்பிப் பிரஷ் ரெண்டால சீவினா புள்ளி புள்ளியா நிறம் வாற நூல் வரும், மிச்சம் வடிவு. பழைய நூல் தனிய நிக்காது, பாதிக்கு மேல புது நார் வேணும். மடிப்பில வெடிச்ச சேலையெண்டாத்தான் செய்ங்க. ஒரு புள்ளை நல்லா இருந்த சேலைய வெட்டிட்டு வந்து என்னட்டக் காட்டினா, அவவுட அம்மா எனக்கு ஆறு மாசமாக் கதைக்கல்ல.

மருதமுனைத் தறியில இத நெய்யலாமா?

அங்க தறியில ஓடுறது கன இடத்தில பருத்தியும் மெசின் நூலும்தான், சாரனும் சேலையும். கைநூலக் கொண்டு போனா முதல் சிரிப்பாங்க. நான் கொண்டு போனத ராத்தா விரலில ஒரு சுத்துச் சுத்தி, வெளிச்சத்தில பிடிச்சிப் பாத்திட்டு, பாவுக்கு வேணாம், ஊடைக்குத் தா எண்டு சொன்னா. பாவு எண்டா தறியில நெடுக்காக் கட்டுற நூல், அது முழு நேரமும் இழுபட்டு, அத ஏத்தி இறக்குற விழுதில உரசி உரசித்தான் நிக்கும், கட்டியும் மெலிவுமா உள்ள நூல் அதில பத்து விரக்கடைக்குள்ள அறுந்திடும். ஊடை எண்டா நாடாவில, அதாவது தறியில எறியிற ஓடத்தில, குறுக்காப் போய் வந்து படுக்கிற நூல், அதுக்கு அவ்வளவு இழுவை இல்ல, கட்டியே ஒரு வடிவா வரும். மெசின் பருத்திப் பாவு, கைப்பட்டு ஊடை, அதுதான் இப்ப நான் செய்யிறது. சுனாமியில அவவுட வீட்டுத் தறி போய், மறுகா எடுத்த தறிதான் அது, அதில என்ட நூல் ஓடுற சத்தத்தக் கேட்டுக்கிட்டு அண்டைக்கு முழுக்க இருந்தன்.

ஆம்பிளைகளுக்கு நெய்யலாமா?

எங்கட ஆம்பிளைகள் பட்டு வேட்டி கட்டுவாங்க. முஸ்லிம் ஆம்பிளைகள் அசல் பட்டு உடுக்கிறதில்ல, மார்க்கத்தில பொம்புளைகளுக்குத்தான் ஆகும். அதால மருதமுனை, காத்தான்குடிப் பக்கம் ஓடர் எடுத்தா ஆருக்கெண்டு கேட்டிட்டு நூலத் தொடுங்க, அது விக்கிற ஆளிட மரியாதை.

எவ்வளவு நாள் எடுக்கும், இதில காசு வருமா?

கணக்கப் பாருங்க. ஒரு மெல்லிய சால்வைக்கு ஊடை 60 கிராம் வச்சிக்குவம். ஒரு கிராமுக்கு 20 மீற்றர் வாற மாதிரி மெல்லிசா நூத்தா 1,200 மீற்றர். பழகின புதுசில மணித்தியாலத்துக்கு 30 மீற்றர் நூத்தாலே நல்லம், அப்ப 40 மணித்தியாலம், ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலமெண்டா நாப்பது நாள். அதோட நெசவுக்கூலி, நாருக்குக் காசு, சாயம். அந்த நாப்பது மணித்தியாலத்துக்கும் ஒரு மேசன் கையாளிட கூலியப் போட்டுப் பாத்தா சால்வையிட விலையக் கேட்ட உடனே வாங்க வந்த ஆள் தேத்தண்ணியையும் குடிக்காம எழும்பிப் போயிடுவார். ரெண்டு வருசத்தில நான் நாலு சால்வை வித்தன், நாலும் வெளிநாட்டில இருந்து லீவுக்கு வந்த ஆக்கள், ரெண்டு பேர் விலை குறைச்சும் கேட்டாங்க. கடன வாங்கி இதில இறங்கச் சொல்லி ஆரும் சொன்னா நம்பாதீங்க.

பழகுறதுக்கெண்டா சனிக்கிழமை பின்னேரம் வாங்க, சிரட்டை என்னட்டக் கிடக்கு, மூங்கில் குச்சி மட்டும் நீங்களே சீவிக் கொண்டு வாங்க. நகம் வெட்டிட்டு.